மாற்றுத்திறனாளிகளுக்கேற்ற பண்ணைக் கருவிகளும் வயல் அமைப்பும்

(ஆவடி வட்டார உழவர்களுக்கான பயிற்சியில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உரம், விதை, பூச்சி மருந்து பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ காலை இழுத்து நடப்பவர் ஒருவர் இருப்பார். கண் தெரியாதவர், காது கேளாதவர், இயந்திரத்தில் விரல்களை இழந்தவர் இருப்பார். அவர் பண்ணையில் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், "பாவம், அவரால் என்ன முடியும்? திண்ணையில் உட்கார்ந்திருக்கட்டும்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் மூவரில் இருவருக்கு மேல் கிராமங்களில் வாழ்கின்றனர். இயற்கையாகப் பரவும் கிருமியால் வரும் இளம்பிள்ளை வாதம் நம் நாட்டில் கடைசியாகக் கண்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நோய் ஒழிந்ததாகச் சான்றும் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு முன் அந்நோயால் கால் சூம்பியவர்கள் இன்று 30, 40, 50 வயதில் நம்மிடையே இருக்கிறார்கள். குடும்பத்தைத் தாங்க வேண்டிய வயது அது.

இதில் நிலம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. "உன்னால் பயிர் வைக்க முடியாது, உனக்கு எதற்கு நிலம்? நாங்கள் சோறு போடுகிறோம்" என்று சொல்லி, பாகப்பிரிவினையின்போது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிற வழக்கம் நம் ஊர்ப்புறங்களில் உண்டு. பூந்தமல்லி, திருமழிசை, திருநின்றவூர்ப் பக்கம் நிலத்தின் விலை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "பயிர் வைக்க முடியாது" என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒருவர் தன் பங்கை இழக்கிறார். ஆகவே அது உண்மையா என்று பார்ப்பது வெறும் இரக்கத்தின் பாற்பட்டதன்று. சொத்துரிமையின் பாற்பட்டதும் ஆகும்.

குறை உடலிலா, கருவியிலா?

நாம் களையெடுக்கப் பயன்படுத்தும் களைக்கொத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிடி ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். குந்தி உட்கார்ந்தால்தான் அதனால் வேலை செய்ய முடியும். முழங்கால் மடங்காத ஒருவரிடம் அதைக் கொடுத்து, "இவருக்குக் களையெடுக்க வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அதே மனிதரிடம் நின்றபடி தள்ளும் சக்கரக் களைக்கருவியைக் கொடுத்தால், தோளும் கையும் உரமாக இருப்பவராயின், வரிசை நடவு செய்த வயலில் அவர் களையெடுத்துவிடுவார். மாறியது பிடியின் நீளம் ஒன்றுதான்.

பெரும்பாலான பண்ணைக் கருவிகள் நல்ல உடற்கட்டுள்ள நடுத்தர வயது ஆணை மனத்தில் வைத்தே நெடுங்காலம் செய்யப்பட்டு வந்தன. இதனால் பெண்களே மிகவும் துன்பப்பட்டனர். இக்குறையை உணர்ந்து, போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனமும், கோவை வேளாண் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல மையங்களும் சேர்ந்து, நம் நாட்டு உழவர்கள், உழத்தியர்களின் உயரம், கை எட்டும் தூரம், பிடியின் அளவு, தள்ளும் வலு, இழுக்கும் வலு ஆகியவற்றை ஊர் ஊராகச் சென்று அளந்தனர். அந்த அளவுகள் 2009ல் நூலாகவும் வந்துள்ளன. பெண்களுக்கேற்ற கைக்கருவிகள் இதன் பயனாகவே கிடைத்தன. ஆனால் ஒற்றைக் கையால் வேலை செய்பவரையும் உட்கார்ந்தே வேலை செய்பவரையும் கருத்தில் கொண்டு கருவி செய்யும் பணி இன்னும் போதிய அளவு நடைபெறவில்லை என்பதே என் கருத்து. அதுவரை நாமே செய்துகொள்ளக்கூடியவை பல இருக்கின்றன.

வயலுக்கு ஏற்ற கால்

உடலுக்கும் தொழிலுக்கும் ஏற்பக் கருவி செய்வது என்றால் என்ன என்பதை ஜெய்ப்பூர் காலைக் கொண்டு எளிதில் விளக்கலாம். 1960களில் இந்தியாவில் கால் இழந்தவர்களுக்குக் கிடைத்த செயற்கைக் கால்கள் மேல்நாட்டு முறையில் செய்யப்பட்டவை. கட்டையும் நுரைப் பொருளும் சேர்ந்த பாதம், அதன்மேல் பூட்ஸ் போட்டே ஆக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, தார்ச்சாலையில் நடப்பவருக்கு அது சரி. நம் உழவர் அதைப் போட்டுக்கொண்டு என்ன செய்ய முடியும்? வயலில் இறங்கினால் தண்ணீர் ஊறிப் பாதம் கெட்டுவிடும். குந்த முடியாது. சம்மணமிட்டுச் சாப்பிட முடியாது. கோயிலுக்குள் பூட்ஸோடு நுழைய முடியாது. ஆகையால் வாங்கிய காலை வீட்டு மூலையில் சாத்திவைத்துவிட்டு, மறுபடியும் ஊன்றுகோலையே எடுத்துக்கொண்டவர்கள் பலர்.

ஜெய்ப்பூரில் சவாய் மான்சிங் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பி.கே. சேத்தியும், ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் 1968 வாக்கில் இதற்கு ஒரு மாற்றுக் கண்டனர். ராம்சந்திர சர்மா பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். லாரி டயருக்கு ரப்பர் ஒட்டும் அதே முறையில், வெப்பத்தில் கெட்டிப்படுத்திய ரப்பரைக் கொண்டு, பார்வைக்கு நம் பாதத்தைப் போலவே இருக்கும் ஒரு பாதத்தை அவர்கள் உருவாக்கினர். அது தண்ணீரில் கெடாது. செருப்பில்லாமல் நடக்கலாம். மேடு பள்ளத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும். குந்தவும், சேற்று வயலில் நடக்கவும், மரம் ஏறவும்கூட முடியும். இப்பணிக்காக டாக்டர் சேத்திக்கு 1981ல் மகசேசே விருது கிடைத்தது. 1975ல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி என்ற அமைப்பு அக்காலை இலவசமாகப் பொருத்தி, நாடெங்கும் பரப்பியது.

இதில் உழவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேல்நாட்டுக் காலைச் செய்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அதைப் போட்டுக்கொள்பவர் காலையில் எழுந்து எங்கே போகிறார், எப்படி உட்காருகிறார், எதில் நடக்கிறார் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

நமக்கு அருகிலேயே, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் ஆய்வு மையம் இவ்வழியில் பணியாற்றி வருகிறது. உட்கார்ந்தவர் தாமே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' என்ற சக்கர நாற்காலி 2019 நவம்பரில் அங்கிருந்து வெளிவந்தது. முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்களுக்கான 'கதம்' என்ற செயற்கை முழங்கால் 2022ல் வந்தது. அது 160 டிகிரி வரை மடங்கும். நெரிசலான பேருந்திலும் ஆட்டோவிலும் காலை மடக்கி உட்கார இது உதவும். சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டி ஓட்டும் 'நியோபோல்ட்' என்ற மோட்டார் வண்டியும் அங்கு உருவானதே. மேடு பள்ளமான பாதையிலும் செல்லும்படி செய்யப்பட்டது. செயற்கைக் கால் தேவைப்படுவோர் சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தை அணுகலாம். பூந்தமல்லியிலிருந்து அது தொலைவில் இல்லை.

நம் வட்டாரத்தில் செய்யக்கூடியவை

நம் பகுதிக்கு ஒரு தனி வசதி உண்டு. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் பட்டறை. சைக்கிள் உற்பத்தி 1950களிலேயே அம்பத்தூருக்கு வந்துவிட்டது. பிறகு தொழிற்பேட்டை வளர்ந்தது. வெல்டிங் பட்டறையும் லேத்தும் பழைய சைக்கிள் சக்கரமும் இங்கே கிடைப்பதுபோல் உள்மாவட்டத்து உழவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரு கருவியின் பிடியை நீட்டவோ, வளைக்கவோ, அதில் ஒரு இருக்கை பொருத்தவோ கோவையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

வெள்ளவேடு பக்கத்தில் கீரை பயிரிடும் ஓர் உழவரை நான் அறிவேன். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் பயனற்றுப் போனவர். பல ஆண்டுகளாக அவர் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்தே கீரை பறித்து வந்தார். தொடையெல்லாம் புண். பட்டறைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, நின்றுகொண்டு வேலை செய்யத் தோதாக ஒரு தாங்கியைச் செய்து கொடுத்தார். "நிற்க முடிந்தால் நான் உங்களிடம் ஏன் வருகிறேன்? எனக்கு உட்கார்ந்தபடி நகர ஒரு வழி செய்யுங்கள் அண்ணே" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்ததாக நான்கு சிறு உருளைகள் வைத்த பலகை ஒன்று வந்தது. கிடங்குகளில் மூட்டை தள்ளுவார்களே, அதுபோல. ஈரமண்ணில் அது புதைந்தது. கடைசியில் குழந்தைகள் சைக்கிளின் 12 அங்குலச் சக்கரம் இரண்டைப் பின்பக்கம் பொருத்தி, முன்பக்கம் சறுக்கிச் செல்ல வளைந்த தகடு ஒன்றை வைத்தார்கள். இருக்கையின் உயரம் முக்கால் அடி. பாத்திகளுக்கு இடையே 1 அடியாக இருந்த நடைவழியை அவர் 2 அடியாக்கிக்கொண்டார். நான்கு பாத்தி குறைந்தது. "பறிக்க ஆள் கூலி கொடுத்ததைக் கணக்குப் பார்த்தால் நான்கு பாத்தி பெரிசா சார்?" என்பது அவர் கேள்வி. இப்போது அவருடைய தாயாரும் அதே வண்டியில் உட்கார்ந்துதான் களை பறிக்கிறார்.

கீரைப் பயிர் இவ்வகையில் மிகவும் ஏற்றது. சிறுகீரையை 25 நாளில் பிடுங்கிவிடலாம். வேர் ஆழம் குறைவு. 8 அங்குல மண் போதும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கால் வைத்த தொட்டிப் பாத்தி அமைக்கலாம். நாற்காலியில் அமர்ந்தவரின் முழங்கால் உள்ளே நுழைய, தொட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து இரண்டேகால் அடி உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கை நீட்டுவதானால் அகலம் 2 அடிக்கு மேற்படக் கூடாது. இரு பக்கமும் வழி இருந்தால் 4 அடி வரை வைக்கலாம். எடையை மறந்துவிடாதீர்கள். நனைந்த மண் ஒரு கன அடி சுமார் 45 கிலோ இருக்கும். 8 அடி நீளம், 3 அடி அகலம், 8 அங்குல ஆழமுள்ள தொட்டியில் 700 கிலோவுக்கு மேல் ஏறிவிடும். கால்கள் அதைத் தாங்கும்படி உறுதியாக இருக்க வேண்டும். மக்கிய தென்னைநார்க் கழிவைப் பாதிக்குப் பாதி கலந்தால் எடை வெகுவாகக் குறையும். நார்க்கழிவை நன்றாக அலசி, உப்பைப் போக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். அடியில் வடிகால் துளைகள் இன்றியமையாதவை.

குழித்தட்டில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று வளர்ப்பதும் மேசையருகே உட்கார்ந்து செய்யக்கூடிய தொழிலே. சிப்பிக் காளான் வளர்ப்பையும் இதில் சேர்க்கலாம்.

இனி வரப்பைப் பற்றி. நம் வரப்புகள் ஒரு அடி அகலம்கூட இருப்பதில்லை. வருடா வருடம் இரு பக்கமும் மண்வெட்டியால் கொத்திக் கொத்தி அதையும் குறைத்துவிடுகிறோம். ஊன்றுகோலுடன் அதில் நடப்பது கழைக்கூத்துக்குச் சமம். எல்லா வரப்பையும் அகலப்படுத்தச் சொல்லவில்லை. சாலையிலிருந்து மோட்டார் கொட்டகைக்குச் செல்லும் ஒரே ஒரு வரப்பை 4 அடியாக்குங்கள். 100 அடி நீளத்துக்கு 3 அடி கூட்டினால் போகும் நிலம் 300 சதுர அடி, அதாவது முக்கால் சென்ட்டுக்கும் குறைவு. உர மூட்டையைச் சைக்கிளில் கொண்டுபோவது, வயதான பெற்றோர் வயலைப் பார்க்க வருவது எல்லாம் அதனால் எளிதாகும். ஊன்றுகோலின் நுனி ஈரமண்ணில் இறங்காமல் இருக்க, பழைய டயரிலிருந்து 4 அங்குல வட்டம் வெட்டி அடியில் பொருத்தலாம்.

மோட்டார் ஸ்டார்ட்டரைப் பெரும்பாலும் ஆள் உயரத்தில் மாட்டியிருக்கிறோம். தரையிலிருந்து 3 முதல் 4 அடிக்குள் மாட்டினால் உட்கார்ந்தவரும் குட்டையானவரும் எட்டலாம். அலுமினிய ஊன்றுகோல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ரப்பர் நுனி தேயாமல் இருக்கிறதா, கொட்டகையின் தரை காய்ந்திருக்கிறதா, எர்த் கம்பி சரியாக உள்ளதா என்று பார்த்த பிறகே தொட வேண்டும். கைப்பேசி மூலம் மோட்டாரைப் போடும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. இரவில் மின்சாரம் வரும்போது பாம்புக்கு அஞ்சி வயலுக்கு ஓடுகிற எல்லாருக்கும் அது உதவுகிறது.

பார்வையும் செவியும்

கண் தெரியாதவர் பண்ணை வேலை செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் பூந்தமல்லியில் உள்ள அரசு பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடந்து செல்வதைப் பார்த்திருப்பார்கள். பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அதே ஊரில்தான் இருக்கிறது. இடம் மாறாமல் இருப்பது அவர்களுக்கு முதல் தேவை. மண்வெட்டி நேற்று வைத்த இடத்திலேயே இன்றும் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கும் கிணற்றடிக்கும் இடுப்பளவு உயரத்தில் நைலான் கயிறு கட்டி, 10 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் வழிக்கு ஆள் வேண்டாம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாயம் வேண்டும். நடவு இடைவெளிக்கு 60 சென்டிமீட்டர், 45 சென்டிமீட்டர் என்று வெட்டுக்காயம் வைத்த குச்சி ஒன்று போதும்.

ஒரு பெரிய ஆபத்தை இங்கே சொல்ல வேண்டும். பூச்சி மருந்தின் நச்சுத்தன்மையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களால் குறிப்பிடுகிறார்கள். கண் தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்? எழுத்தோ எறும்பு அளவு. கண் தெரிந்தவருக்கே படிக்க முடிவதில்லை. மருந்துப் புட்டிகளின் கழுத்தில் முள்கம்பித் துண்டு ஒன்றைச் சுற்றிவைத்தால் தொட்டவுடன் தெரியும். மருந்துகளைத் தனி அலமாரியில் பூட்டிவைப்பது அதைவிட முக்கியம்.

காது கேளாதவர்கள் எந்தப் பண்ணை வேலையையும் செய்யவல்லவர்கள். ஆனால் டிராக்டரின் ஹார்ன் அவர்களை எச்சரிக்காது. அவர்கள் முதுகுப் பக்கமாக டிராக்டரைப் பின்னோக்கி எடுக்கக் கூடாது. "நிறுத்து", "தள்ளிப் போ" ஆகியவற்றுக்குக் கைச்சைகைகளை முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால் நாம் சத்தத்தில் அறிகிறோம். அவர்களுக்குத் தண்ணீர் விழும் தொட்டி கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தயங்குவோருக்கு அமெரிக்க உழவர்களின் முறை உதவக்கூடும். அங்கே பர்டியூ பல்கலைக்கழகம் 1979லேயே ஊனமுற்ற உழவர்களுக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. 1990ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் மூலம் அது 'அக்ரெபிலிட்டி' என்ற பெயரில் நாடு தழுவிய திட்டமாயிற்று. டிராக்டரில் ஆளைத் தூக்கி உட்காரவைக்கும் இயந்திரமெல்லாம் அங்கே உண்டு. நமக்கு அது கட்டுபடியாகாது. ஆனால் அவர்கள் வேலையைத் தொடங்கும் முறை செலவில்லாதது. அலுவலர் பண்ணைக்கே சென்று, அந்த உழவரின் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்த இடத்தில் தடைப்படுகிறார் என்று அவரையே கேட்டு எழுதிக்கொள்கிறார். அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றுகிறார்கள். வீட்டில் நீங்களும் இப்படி ஒருநாள் உடனிருந்து பார்க்கலாம்.

இயந்திரத்தால் வரும் ஊனம்

பிறவியில் வருவதும் நோயால் வருவதும் போக, பண்ணையிலேயே உண்டாகும் ஊனமும் உண்டு. கதிரடிக்கும் இயந்திரத்தில் வட மாநிலங்களில் எண்ணற்றோர் கையை இழந்த பிறகு, 1983ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கதிரை உள்ளே தள்ளும் தடம் 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதில் 45 சென்டிமீட்டராவது மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. கை உருளையைத் தொடக்கூடாது என்பதே இதன் நோக்கம். நம் பகுதியில் நெல்லுக்கு அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் கறவை மாடு வைத்திருப்போர் வீட்டில் தட்டை நறுக்கும் இயந்திரம் இருக்கிறது. தடத்தின் மேல்மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அதை ஓட்டுவதை நான் பல இடங்களில் பார்க்கிறேன். அது உங்கள் பிள்ளைகளின் விரல்களோடு விளையாடுவதாகும். வேலை முடிந்ததும் சக்கரத்துக்குச் சங்கிலியிட்டுப் பூட்டுங்கள்.

சட்டம் தரும் உரிமைகள்

1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அதன் 13ஆவது பிரிவு, சொத்து வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. 37ஆவது பிரிவு உழவர்களுக்கு மிகவும் முக்கியமானது. அரசுத் திட்டங்களில் விவசாய நிலமும் வீடும் ஒதுக்கும்போது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமையுடன், தரப்பட வேண்டும். வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் 5 சதவீதம் உண்டு. இதற்குக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும். யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தார் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் இதற்கு மனுச் செய்யலாம்.

ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025ல் நிறைவேற்றியது. கூட்டுறவுச் சங்கம், நெல் கொள்முதல் நிலையம், கிராம சபை நடக்கும் கட்டடம் ஆகியவற்றின் படிகளைப் பற்றிப் பேச இனி ஊராட்சியிலேயே ஆள் இருப்பார். சாய்தளம் கட்டினால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது அளவு. ஒன்றரை அடி உயரத் திண்ணைக்கு 18 அடி. இந்தக் கணக்கைப் பாராமல் கட்டிய சாய்தளம் ஒன்றை ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். ஏறினால் ஏணி, இறங்கினால் சறுக்கு மரம்! சக்கர நாற்காலியில் வந்தவர் வாசலில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இடம் போதவில்லையென்றால் 'ட' போல மடக்கிக் கட்டலாம். திருப்பத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளமும், இரு பக்கமும் கைப்பிடியும், 3 அடிக்குக் குறையாத கதவும் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் புதுக் கட்டடத்துக்கு அடித்தளம் போடும் நாளிலேயே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கான்கிரீட் போட்ட பிறகு ஒப்பந்தக்காரர் இடித்துக் கட்ட மாட்டார்.

கருவிகளில் மாற்றம் செய்வது குறித்தும், தொட்டிப் பாத்தி, குழித்தட்டு நாற்று, காளான் வளர்ப்பு ஆகியவை குறித்தும் திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். வரும்போது வீட்டிலுள்ள மாற்றுத்திறனாளியையும் உடன் அழைத்து வாருங்கள். அளவு எடுக்க வேண்டியது அவருக்குத்தான்.